மூன்று பட்டறைகளுக்கு நடுவே ஒரு பல்சக்கரம்

சாவியைத் திருப்பியும் வண்டி எடுக்கவில்லை என்றால் நம் ஊரில் முதலில் கழற்றப்படுவது செல்ஃப் மோட்டார்தான். இரண்டு மூன்று போல்ட், தடித்த கேபிள் ஒன்று, மெல்லிய ஒயர் ஒன்று, அவ்வளவுதான். சற்று நேரத்தில் மோட்டார் பட்டறை மேஜைக்கு வந்துவிடும். கார்பன் பிரஷ் மாற்றி, ஆர்மேச்சரைத் துடைத்து, புஷ் போட்டு, பேட்டரியில் நேராகக் கொடுத்துச் சுற்றவிட்டுக் காட்டுவார்கள். மேஜைமேல் நன்றாகவே சுற்றும். வண்டியில் மாட்டிச் சில நாள் ஓடியபின் மறுபடி அதே முனகல், அதே ‘கரகர’. பழுது மோட்டாரில் இல்லாமல் அது கடித்துச் சுழற்றும் ஃப்ளைவீல் ரிங்கில் இருந்திருக்கும். ரிங்கை வெளியே எடுத்துப் பார்க்க வேண்டுமென்றால் கியர்பாக்ஸை இறக்க வேண்டும். அதனால் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். இதை மெக்கானிக்கின் அறியாமை என்று சொல்லிவிடுவது சுலபம். ஆனால் ரிங் தேய்ந்தால் என்ன ஆகும் என்று தெரியாத மெக்கானிக் புவனகிரி கடைத்தெருவிலும் கிடையாது, சிதம்பரத்திலும் கிடையாது. தவறின் வேர் இந்தத் தொழில் பிரிந்து வளர்ந்த விதத்தில் இருக்கிறது. மோட்டார் ஆட்டோ எலக்ட்ரீஷியனுடையது, ஃப்ளைவீல் மெக்கானிக்குடையது, ரிங்கைச் சூடேற்றி ஏற்றும் வேலை லேத் பட்டறையுடையது. மூன்று பேருக்கும் நடுவில் இருக்கும் அந்தப் பல்சக்கரம் யார் கணக்கிலும் சேராமல் போனதற்கு ஒரு வரலாறு உண்டு.

ஹேண்டில் காலத்தில் இந்தப் பிரிவு இல்லை. 1930களிலும் 40களிலும் தென்னாற்காட்டுச் சாலைகளில் ஓடிய பெட்ரோல் பஸ்களின் முன்புறத்தில் ஒரு துளை இருக்கும். அதில் இரும்பு ஹேண்டிலைச் செருகி, கிரேங்க் ஷாஃப்டைக் கையாலேயே சுற்றுவார்கள். அமெரிக்கச் சேஸிகளில் செல்ஃப் இருந்தாலும் பேட்டரியின் உயிரைக் காப்பாற்ற விடியற்காலை முதல் ஸ்டார்ட் கையால்தான். போர்க்காலத்தில் பெட்ரோலுக்கு ரேஷன் வந்ததும் பஸ்ஸின் பின்னால் கரி உலை ஏறியது. உலையை மூட்டி, கையால் ஊதுகாற்றாடி சுற்றி, வாயு வந்தபின் ஹேண்டில் போடுவது கிளீனரின் காலை வேலையாயிற்று. அந்தக் கைதான் அப்போது சோதனைக் கருவி. எந்த சிலிண்டரில் கம்ப்ரெஷன் இறங்கியிருக்கிறது, எங்கே வால்வு கசிகிறது, இக்னிஷன் டைமிங் முந்தியிருக்கிறதா என்பதெல்லாம் தோளுக்குத் தெரிந்துவிடும். டைமிங் முந்தியிருந்தால் ஹேண்டில் பின்னோக்கி உதைக்கும். கட்டைவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கம் வைத்து, கீழிருந்து மேல்நோக்கி இழுக்க வேண்டும் என்று தொழில் பழகும் பையனுக்கு முதல் நாளே சொல்லிக்கொடுத்தது அதனால்தான். மறந்தவனின் மணிக்கட்டு முறிந்தது.

அந்த உதையிலிருந்து மனிதக் கையை விடுவித்தவர் அமெரிக்க எஞ்சினியர் சார்லஸ் கெட்டரிங். 1912ஆம் ஆண்டு மாடல் காடிலாக் காரில் அவருடைய மின்சார ஸ்டார்ட்டர் வந்தது. அதற்கு முன் அவர் கடைகளின் கல்லாப்பெட்டி இயந்திரத்துக்கு மின் மோட்டார் பொருத்தியவர். நாள் முழுக்கச் சுழல வேண்டிய மோட்டாருக்கு இருக்கும் வரம்பு, சில விநாடி மட்டும் உழைக்கும் மோட்டாருக்குக் கிடையாது என்பதை அங்கே கண்டிருந்தார்: சிறிய மோட்டாரில் அளவுக்கு மீறிக் கரண்ட் விடலாம், வேலை முடிந்ததும் நிறுத்திவிட்டால் போதும். மோட்டாரை ஃப்ளைவீலோடு சேர்த்துப் பிரிக்கும் சிக்கலுக்கு வின்சென்ட் பெண்டிக்ஸ் எளிய விடை கண்டார். திருகு வரி வெட்டிய தண்டில் ஒரு சிறு பினியன். மோட்டார் சுழலத் தொடங்கியதும் பினியன் திருகு வழியே ஓடிப்போய் ரிங்கின் பற்களில் விழும், இன்ஜின் பிடித்துக்கொண்டு வேகமெடுத்ததும் அதே திருகு வழியே திரும்பி எறியப்படும். 1914 வாக்கில் செவ்ரலேயில் வந்தது, பின் உலகம் முழுக்கப் பரவியது. இந்தச் சாமர்த்தியத்துக்கு ஒரு விலை இருந்தது. முன்பு கிளீனரின் மணிக்கட்டில் விழுந்த அடி இப்போது ரிங்கின் பல் விளிம்பில் விழ ஆரம்பித்தது. சுழன்றுகொண்டே வரும் பினியன், நின்றுகொண்டிருக்கும் ரிங்கில் ஒவ்வொரு தடவையும் மோதித்தான் கடிக்கிறது.

ஆனாலும் பெட்ரோல் இன்ஜின் இருந்தவரை செல்ஃப் ஒரு வசதிதான், தேவை அல்ல. பழுதானால் ஹேண்டில் இருந்தது. அம்பாசிடரில்கூட அந்தத் துளை நெடுங்காலம் இருந்தது. நிலைமையை மாற்றியது டீசல். 1948ல் எண்ணூரில் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ், லேலண்டோடு சேர்ந்து 1955ல் அசோக் லேலண்ட் ஆனது. சென்னை சிம்சன் கம்பெனி பெர்கின்ஸ் டீசல் இன்ஜின்களைத் தயாரிக்க ஆரம்பித்ததும் அதே 1950களில்தான். பழைய பெட்ரோல் பஸ்ஸில் காற்றை ஏறத்தாழ ஆறில் ஒரு பங்காக நசுக்கினால் போதும். டீசலில் ஏறத்தாழ பதினாறில் ஒரு பங்காக நசுக்க வேண்டும். ஆறு சிலிண்டர் பஸ் இன்ஜினை அப்படிக் கையால் சுற்ற ஆளில்லை. வயல்வெளி ஆயில் இன்ஜினில் வால்வைத் தூக்கிவிடும் லிவர் உண்டு, ஒற்றைச் சிலிண்டர் என்பதால் வேகம் ஏற்றி லிவரை விடலாம். பஸ்ஸுக்கு அது நடக்காது. மலைப்பாதை வண்டி என்றால் இரவில் சரிவில் நிறுத்தி, காலையில் உருட்டிவிட்டு எடுக்கலாம். வெள்ளாற்றங்கரையில் சரிவுக்கு எங்கே போவது? சிதம்பரத்திலிருந்து புவனகிரி வழியே சேத்தியாத்தோப்புக்கோ மருதூருக்கோ போகும் சாலை முழுக்கத் தட்டை நிலம். செல்ஃப் எடுக்காவிட்டால் பயணிகள் இறங்கித் தள்ள வேண்டியதுதான்.

செல்ஃப் தவிர்க்க முடியாததானபோது அதற்கென்று ஒரு தொழிலாளி உருவானார். 1961ல் சென்னை பாடியில் லூகாஸ்-டிவிஎஸ் தொடங்கியதும் ஸ்டார்ட்டர் மோட்டார், டைனமோ, அவற்றின் உதிரி பாகங்கள் எல்லாம் உள்நாட்டிலேயே கிடைத்தன. உதிரி கிடைத்தால் அதை மாற்றும் கடையும் வரும். ஒரு மேஜை, ஒரு வைஸ், ஒரு பேட்டரி, ஒரு டெஸ்ட் லேம்ப்: இவ்வளவு முதலீட்டில் பஸ் நிலையத்தின் பக்கத்திலேயே ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடை போடலாம். மெக்கானிக் பட்டறைக்கு இடம் வேண்டும், குழி வேண்டும், வண்டி நாள்கணக்கில் நிற்க வேண்டும். லேத் பட்டறைக்கு எந்திரம் வேண்டும், கடன் வேண்டும். மூன்றும் வெவ்வேறு முதலீடு, வெவ்வேறு தெரு; ஆசான்களும் வேறு வேறு. ஐடிஐ பாடத்திட்டமும் இதை அப்படியே ஏற்றுக்கொண்டு, மோட்டார் வாகன மெக்கானிக்கை ஒரு பிரிவாகவும் ஆட்டோ எலக்ட்ரிக்கலை வேறு பிரிவாகவும் வைத்தது. தொழில் பிரிவதில் தவறொன்றும் இல்லை, அதனால் கைத்திறன் கூடியிருக்கிறது என்பதே உண்மை. ஆனால் ஸ்டார்ட் ஆகும் அந்த இரண்டு மூன்று விநாடி மட்டும் மூன்று தொழிலுக்கும் பொது. அங்கே பழுது வந்தால் யாருடைய பாகம் கழற்றச் சுலபமோ அவருடைய தலையில் பழி விழுகிறது.

பழி சரியான இடத்தில் விழ வேண்டும் என்றால் ரிங்கைப் படிக்கத் தெரிய வேண்டும். ஃப்ளைவீலின் விளிம்பில் பெரும்பாலும் சுமார் 100 முதல் 130 பற்கள் வரை இருக்கும். அவை ஒரே சீராகத் தேய்வதில்லை. இன்ஜினை அணைத்ததும் அது சுழன்று சுழன்று வேகம் குறைந்து, கடைசியில் ஏதோ ஒரு சிலிண்டரின் கம்ப்ரெஷனைத் தாண்ட முடியாமல், நசுங்கிய காற்று பின்னுக்குத் தள்ள, சற்று ஆடி நிற்கும். நாலு சிலிண்டர் இன்ஜினில் கிரேங்க் அரைச் சுற்று சுற்றும்போதெல்லாம் ஒரு கம்ப்ரெஷன் வருவதால், அது நிற்கும் இடம் ஃப்ளைவீலில் எதிரெதிரான இரண்டே பகுதிகள். ஆறு சிலிண்டரில் மூன்று பகுதிகள். மூன்று சிலிண்டரிலும் கணக்கு மூன்றுதான். பல வருஷமாக ஆயிரக்கணக்கான தடவை பினியன் வந்து மோதுவது அந்தப் பகுதிகளில் மட்டும். கியர்பாக்ஸை இறக்கி, டார்ச் அடித்து ரிங்கைச் சுற்றிப் பார்த்தால் இது கண்ணுக்கே தெரியும்: முக்கால் வட்டம் புதுப் பல்லாக, வெட்டு முனையோடு இருக்கும், எதிரெதிரே இரண்டு இடத்தில் மட்டும் பத்துப் பதினைந்து பற்களின் முன்விளிம்பு மழுங்கி, சில இடத்தில் கூராகிப் பாதியாய்க் குறைந்திருக்கும். அந்தத் தழும்பு இருக்கும் இடத்தில் இன்ஜின் நின்றால் எடுக்காது, தள்ளி நின்றால் எடுக்கும். சில நாள் எடுக்கிறது சில நாள் எடுக்கவில்லை என்று வண்டிக்காரர் சொல்வதன் பொருள் பெரும்பாலும் இதுதான். கியர்பாக்ஸை இறக்காமலே சோதிக்கவும் வழியுண்டு. இக்னிஷனை அணைத்து, டாப் கியரில் போட்டு, வண்டியை ஒரு முழம் தள்ளிவிட்டு, நியூட்ரலுக்கு வந்து மறுபடி சாவி போட வேண்டும். உடனே எடுத்தால் குற்றவாளி ரிங். பேட்டரியோ மோட்டாரோ பழுதாக இருந்தால் ஒரு முழம் நகர்த்தியதால் குணமாகாது.

சத்தத்தையும் இப்படியே பிரிக்கலாம். ‘டக் டக் டக்’ என்று வேகமாகத் தட்டினால், செல்ஃபின் மின்காந்த ஸ்விட்சான சொலினாய்டு இழுத்துப் பிடிக்க வோல்டேஜ் போதவில்லை. பேட்டரி அல்லது டெர்மினல். ஒரே ஒரு கனத்த ‘டக்’ வந்து அமைதியானால் சொலினாய்டு வேலை செய்தும் மோட்டார் சுழலவில்லை: காண்டாக்ட், பிரஷ், அல்லது இறுகிப்போன இன்ஜின். மோட்டார் ‘விர்ர்’ என்று தனியாகச் சுழன்று இன்ஜின் அசையாவிட்டால் பினியனை ஒரு திசையில் மட்டும் பிடிக்கும் ஒருவழி கிளட்ச் நழுவுகிறது, இல்லையேல் அந்த இடத்தில் பல்லே இல்லை. கரகரவென்று அரைத்தால் பல் பாதிதான் கடிக்கிறது. ஸ்டார்ட் ஆனபிறகும் ஊளைச் சத்தம் தொடர்ந்தால் பினியன் திரும்பவில்லை; இதுதான் மோசம். பத்துப் பல் பினியன், நூற்றிருபது பல் ரிங் என்று வைத்துக்கொண்டால், இன்ஜின் நிமிடத்துக்கு 3,000 சுற்று போகும்போது ஒருவழி கிளட்சும் இறுகிப்போயிருந்தால் ஆர்மேச்சர் 36,000 சுற்று போக வேண்டும். அது தாங்காது, சுருள் கம்பி வெளியே பிய்த்துக்கொண்டு வரும். காதுக்குத் துணையாக ஒரு வோல்ட் மீட்டர் போதும். முழு சார்ஜில் 12.6 வோல்ட் காட்டும் பேட்டரி, செல்ஃப் அடிக்கும்போது 9.6க்குக் கீழே இறங்கினால் பேட்டரியையோ, மிகையாகக் கரண்ட் இழுக்கும் மோட்டாரையோ சந்தேகிக்கலாம். பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் இன்ஜின் உடலுக்கும் நடுவே அப்போது அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை. மோட்டாரைக் கழற்றுவதற்கு முன் இந்தச் சோதனைகள் முடிந்திருக்க வேண்டும்.

பிரிந்து கிடக்கும் தொழிலின் குறை சாதாரண வண்டியில் மெதுவாகத் தெரியும், வேகத்துக்காகத் திருத்திய இன்ஜினில் உடனே தெரியும். தமிழ்நாட்டில் அப்படிப்பட்ட இன்ஜின்களின் பள்ளிக்கூடமாக இருந்தது சோழவரம். போர்க்கால விமான ஓடுதளமான அந்த இடத்தில், 1953ல் உருவான மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பல பத்தாண்டுகள் பந்தயம் நடத்தியது. 1990ல் இருங்காட்டுக்கோட்டைத் தடம் வந்தது. அன்றைய ஃபியட்டும் ஹெரால்டும் திருத்தப்பட்டுச் சோழவரத்தில் ஓடின. திருத்தம் என்றால் என்ன செய்வார்கள்? சிலிண்டர் ஹெட்டைச் சீவிக் கம்ப்ரெஷனை ஏற்றுவார்கள், டைமிங்கை முன்னே தள்ளுவார்கள், ஃப்ளைவீலைக் கடைந்து எடையைக் குறைப்பார்கள். மூன்றும் வேகத்துக்கு நல்லது, ஸ்டார்ட்டருக்கு எமன். ஏறிய கம்ப்ரெஷனால் மோட்டாருக்குப் பளு கூடுகிறது. எடை குறைந்த ஃப்ளைவீலுக்குச் சுழற்சியைச் சேமித்து வைக்கும் சக்தி குறைவு. ஒவ்வொரு கம்ப்ரெஷனிலும் இன்ஜின் தயங்கி, அதைத் தாண்டியதும் முன்னே பாய்கிறது, பினியனும் ஒருவழி கிளட்சும் மாறி மாறி அடி வாங்குகின்றன. முந்திய டைமிங் மெதுவான சுழற்சியில் பிஸ்டன் மேலே ஏறும் முன்பே வெடித்து, ஹேண்டில் காலத்து உதையை அப்படியே திரும்பக் கொண்டுவருகிறது. இம்முறை உடைவது பல்லோ, ஸ்டார்ட்டரின் வார்ப்பு மூக்கோ. இதற்குப் பந்தயக்காரர்கள் கண்ட வழி இக்னிஷனுக்குத் தனி ஸ்விட்ச். முதலில் செல்ஃபை மட்டும் அடிப்பார்கள், இன்ஜின் நன்றாகச் சுற்ற ஆரம்பித்ததும் இக்னிஷனைப் போடுவார்கள். அதுவே நல்ல சோதனையும்கூட: இக்னிஷன் இல்லாமல் சீராகச் சுற்றி, போட்டதும் உதைத்தால் பழுது டைமிங்கில்தான், மோட்டாரைக் கழற்ற வேண்டாம்.

வெளியூர் உதாரணங்களும் இதையே காட்டுகின்றன. செவ்ரலேயின் புகழ்பெற்ற வி-8 இன்ஜினுக்கு 153 பல், 168 பல் என இரண்டு அளவு ஃப்ளைவீல்கள் உண்டு. ஒன்றுக்கான ஸ்டார்ட்டரை மற்றதில் மாட்டினால், மோட்டார் புத்தம்புதியதாக இருந்தாலும், பல்லுக்குப் பல் பொருந்தாமல் அரைக்கும். போர்ஷே 944ல் கதை இன்னும் சுவாரசியம். இன்ஜின் எவ்வளவு வேகம் சுழல்கிறது என்று அதன் கம்ப்யூட்டர் அறிவதே ரிங்கின் 132 பற்களை ஒரு சென்சர் எண்ணிச் சொல்வதால்தான். அங்கே பல் உடைந்தால் செல்ஃப் மட்டுமல்ல, இக்னிஷனும் பெட்ரோலும் கணக்குத் தப்பும். எலக்ட்ரீஷியன் பக்கத்துப் பழுது போலத் தெரிவது மெக்கானிக் பக்கத்துப் பழுதாக இருக்கும். கோவையில் கரிவர்தன் 1980களின் பிற்பகுதியில் மாருதி 800 இன்ஜினை வைத்துக் கட்டிய ஃபார்முலா மாருதி போன்ற பந்தய வண்டிகளின் சிறப்பு, இங்கே என் வாதத்துக்கு வேண்டியவரை, வேகத்தைவிட அவற்றைப் பராமரித்த முறைதான்: இன்ஜின், கியர், மின்சாரம் எல்லாவற்றுக்கும் ஒரே குழு பொறுப்பு. பழுதை அடுத்த கடைக்குத் தள்ள வழியில்லை.

இந்த வாதத்துக்கு மறுப்புகள் இல்லாமல் இல்லை. இப்போதுதான் ஸ்கேனர் இருக்கிறதே, செருகினால் பழுது சொல்லிவிடுமே என்பது முதல் மறுப்பு. ஸ்கேனர் வோல்டேஜ் சொல்லும், சுழற்சி வேகம் சொல்லும், ரிலே சொல்லும். மழுங்கிய பல்லின் முன்விளிம்பைப் பார்க்க அதற்குக் கண் இல்லை. தழும்பில் நின்ற இன்ஜினில் பினியன் வெறுமனே சுழன்றால், இன்ஜின் சுற்றவில்லை என்பதோடு அதன் அறிவு முடிந்துவிடும். இரண்டாவது மறுப்பு பணம் சம்பந்தப்பட்டது, அதில் நியாயமும் இருக்கிறது: மோட்டாரைக் கழற்ற ஆகும் கூலியும் கியர்பாக்ஸை இறக்க ஆகும் கூலியும் ஒன்றா, மலிவானதை முதலில் பார்ப்பதில் என்ன தவறு? பார்ப்பதில் தவறில்லை. மாற்றுவதில்தான் தவறு. மழுங்கிய ரிங்கில் புதுப் பினியனைப் போட்டால் அந்த ரிங் புதுப் பினியனையும் சீக்கிரமே தின்றுவிடும். பிறகு இரண்டையும் மாற்ற வேண்டும். மோட்டாரைக் கழற்றிய துளை வழியே ஒரு டார்ச்சும் சிறு கண்ணாடியும் வைத்துக்கொண்டு, இன்ஜினை மெதுவாகக் கையால் சுற்றி ரிங் முழுவதையும் பார்த்துவிடலாம். இதற்கு எலக்ட்ரீஷியன் மெக்கானிக்கின் எல்லைக்குள் சற்றே நுழைய வேண்டும், அவ்வளவுதான்.

மூன்றாவது மறுப்பு கொஞ்சம் வலுவானது: சின்ன ஊரில் எல்லா வேலையும் தெரிந்த ஒரே மெக்கானிக் எப்போதும் இருந்தாரே, பிரிவு என்பது பெருநகரக் கதை அல்லவா? இருந்தார், இருக்கிறார். ஆனால் அவரும் ரிங்கை லேத்துக்குத்தான் அனுப்ப வேண்டும். பழைய ரிங்கைப் பற்களுக்கு இடையே துளையிட்டு உளியால் பிளந்து எடுத்து, புதியதை 200 முதல் 250 டிகிரிவரை ஒரே சீராகச் சூடேற்றி, விரிந்த நிலையில் ஃப்ளைவீலில் இறக்கி ஆறவிட வேண்டும். ஒரு பக்கம் மட்டும் கேஸ் வெல்டிங் நெருப்பைக் காட்டிச் சிவக்க வைத்தால் பல்லின் கடினம் போய்விடும், ஒரு வருஷத்தில் மறுபடி மழுங்கும். பணம் இல்லாதவருக்கு வேறு உபாயமும் உண்டு. நாலு சிலிண்டர் ரிங் என்றால் உடைக்காமல் கழற்றி, கால் சுற்றுத் திருப்பி ஏற்றினால் தேயாத பற்கள் அடிபடும் இடத்துக்கு வந்துவிடும். இந்த உபாயத்தைப் பயன்படுத்த, தேய்மானம் எந்த இடத்தில், ஏன் என்று மெக்கானிக் கண்டு லேத்காரரிடம் சொல்லியாக வேண்டும். வெறும் ரிங்கை மட்டும் கொடுத்தனுப்பினால் அவருக்கு எப்படித் தெரியும்?

புவனகிரி வட்டாரத்தில் இந்தப் பேச்சுக்குத் தனி அவசரம் உண்டு. நெல் வயலில் கேஜ் வீல் மாட்டிச் சேறடிக்கும் டிராக்டரின் பெல் ஹவுசிங் அடித்துளை வழியே சேற்று நீர் உள்ளே போய், ரிங்கில் துருவாகவும் பினியன் தண்டில் காய்ந்த களியாகவும் ஒட்டிக்கொள்கிறது; பினியன் திருகில் ஓடாமல் பாதியில் நிற்கிறது, பல் பாதிதான் கடிக்கிறது. கிழக்கே பரங்கிப்பேட்டை முகத்துவாரப் பக்கம் உப்புக் காற்று எர்த் கேபிளின் முனையில் பச்சைக் களிம்பு ஏற்றுகிறது. சொலினாய்டு ‘டக் டக்’ என்கிறது, நல்ல மோட்டார் கடைக்குப் போகிறது. சேற்று வண்டிக்கு ரிங்கையும் உப்புக் காற்று வண்டிக்கு எர்த்தையும் முதலில் பார்க்க வேண்டும்; ஆனால் இரண்டிலும் முதலில் கழற்றப்படுவது மோட்டார். டாஃபே டிராக்டர்களில் பரவலாக இருக்கும் சிம்சன் மூன்று சிலிண்டர் இன்ஜினில் தழும்பு மூன்று இடத்தில் தேட வேண்டும். அதைத் தேடத் தோதான நேரம் கிளட்ச் பிளேட் மாற்றும் நாள். டிராக்டரை நடுவில் பிரித்து இரண்டாக நிறுத்தியிருப்பார்கள், ஃப்ளைவீல் முழுக்கக் கண்ணெதிரே இருக்கும். ஆனால் வந்த வேலை கிளட்ச், பேசிய கூலி கிளட்சுக்கு. ரிங்கைத் துணியால் துடைத்து, மழுங்கிய பற்களில் சாக்பீஸால் குறி போட்டு உடையவரிடம் காட்டுவது யாருடைய வேலை என்று தீர்மானமாகவில்லை. அன்றைக்கே ரிங்கை மாற்றினால் ஆகும் செலவு ரிங்கின் விலையும் லேத் கூலியும் மட்டும். பிரிக்கிற கூலி ஏற்கெனவே கிளட்ச் கணக்கில் போய்விட்டது.